கிலோ 12 ரூபாய்க்குப் போன நூறு வருடம்: எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நூற்றாண்டு விழா மலருக்கு 'நம் பள்ளியின் வரலாறு' என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். இதே பள்ளியில் படித்தவள், இங்கேயே வரலாறு சொல்லிக்கொடுத்து 2018ல் ஓய்வு பெற்றவள் என்பதால் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்றும் அதில் இருந்தது. கடிதம் வந்தது புதன்கிழமை. அந்தச் சனிக்கிழமை மதியம் பள்ளியின் பின்பக்க கேட்டில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பழைய அலுவலக அறையிலிருந்த பதிவேடுகளைச் சணல் கயிற்றில் கட்டி ஏற்றி அனுப்பினார்கள்.

நான் அன்று ஊரில் இல்லை. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் விட்டு இறங்கியதும் என்னைப் பார்த்தவர், "டீச்சர், ஆபீஸ் ரூம்ல இருந்த பெரிய பெரிய நோட்டெல்லாம் நேத்து எடைக்குப் போயிடுச்சே" என்றார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் காயலான் கடைக்குப் போனேன். பெரும்பகுதி முந்தின நாள் இரவே லோடு ஏறிவிட்டதாம். ஒரு மூலையில் பழைய பரீட்சைத் தாள்களுக்கு அடியில் மூன்று பதிவேடுகள் கிடந்தன. ஒன்பது கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 108 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், கயிறுக்குக் காசு வாங்கவில்லை.

சென்னையின் ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி என்பதைத் தவிர, இந்த மடலில் பள்ளியின் பெயரையோ உங்கள் யார் பெயரையோ எழுதவில்லை. மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது, குழுவே கூடி எடுத்த தீர்மானம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே மேலிடத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நேரில் இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லாததால்தான் இப்படி எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர் என்று சிலர் உருகுகிறார்கள். அந்தக் கூரையிலிருந்து மழைக்காலத்தில் என் மேஜை மேல் சொட்டிய தண்ணீரைப் பிடிக்க வாளி வைத்துப் பாடம் நடத்தியவள் நான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பழைய சுவரைக் கட்டிக்கொண்டு அழ எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இடியுங்கள், நல்லதாகக் கட்டுங்கள்.

எல்லாக் காகிதமும் புனிதம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சாக்பீஸ் வாங்கிய ரசீது, இதெல்லாம் போகட்டும். அவற்றை எடைக்குப் போட்டதற்காக நான் வாய் திறந்திருக்க மாட்டேன். போனது சேர்க்கை நீக்கல் பதிவேடு, அதாவது எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எப்போது, ஏன் போனது என்று எழுதி வைக்கும் நோட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் முதல் தலைமை ஆசிரியை சொல்லிக்கொடுத்த பாடம் அது: "பள்ளிக்கூடம் எரிஞ்சா முதல்ல பிள்ளைங்கள வெளியே கொண்டு வா, அடுத்து இந்த நோட்டைத் தூக்கிட்டு வா." நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு என்று அதன் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் முட்டளவு தண்ணீர் நின்றது. பதிவேடுகள் பீரோவுக்கு மேல் இருந்ததால் தப்பின. அடுத்த மாதமே நானும் எங்கள் கிளார்க்கும் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்தி, எண் போட்டு, பட்டியல் எழுதினோம். மொத்தம் 14 பதிவேடுகள், 1925 முதல். அந்தப் பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. அதன்படி ஒன்று முதல் பதினொன்று வரை வண்டியில் ஏறியிருக்கின்றன. 2, 6, 8 என்னிடம் உள்ளன. எட்டுப் பதிவேடுகள் அட்டை மில்லில் கூழாகிவிட்டன. 12, 13, 14 பள்ளி நடைபாதையில் சாக்குக்கு அடியில் கிடக்கின்றன. வெள்ளத்துக்குத் தப்பியது விழாவுக்குத் தப்பவில்லை.

அந்த நோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். என்னிடம் இருக்கும் மூன்றை மட்டும் வைத்தே சொல்கிறேன்.

இரண்டாம் எண் பதிவேட்டில் 1942 ஏப்ரல் மாதப் பக்கங்களைத் திறந்தால் வரிசையாக நீக்கல். ஒரே மை, ஒரே கையெழுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'ஊர் விட்டார்', 'ஊர் விட்டார்', 'ஊர் விட்டார்'. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியான மாதம் அது. எங்கள் பாட்டி இதைக் கதையாகச் சொல்வாள், மாட்டுவண்டிக்குக் கேட்ட கூலியை வைத்து. பதிவேட்டில் அது பிள்ளைகளின் பெயராக இருக்கிறது. அடுத்த வருடம் அவர்களில் சிலர் திரும்பி வந்து அதே வகுப்பில் மறுபடி சேர்கிறார்கள். பலர் வரவேயில்லை.

அந்தப் பதிவேட்டில் இன்னொன்று. ஒரு பிள்ளைகூட ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. படிக்காமல் நின்றதால் அல்ல, பள்ளியே அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் உயர்நிலைப் பள்ளிகள் யாருக்காக, எப்படி வந்தன என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொன்னீர்களே, அந்தப் பக்கத்தில் வர வேண்டியதே இதுதான்.

1839ல் சென்னைவாசிகள் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று கவர்னர் எல்ஃபின்ஸ்டனிடம் போனது. எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்ற மனு. அதன் பலனாக 1841ல் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் பவல் என்ற ஆங்கிலேயர் தலைமையில் அரசின் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அதுதான் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அடுத்த வருடமே பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் கறுப்பர் நகரத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனில், ஒரு பள்ளி வந்தது. மிஷன் பள்ளிகள் ஒரு பக்கம். திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளி, அதற்கு வி.எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரி தலைமை ஆசிரியராக இருந்த காலம் என்று அதற்கொரு கீர்த்தி. எல்லாமே பெருமைக்குரிய பள்ளிகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மாதச் சம்பளம் கட்ட வேண்டும். கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள்.

1882ல் ரிப்பன் பிரபு நியமித்த ஹண்டர் குழு ஒரு வழி சொன்னது. ஆரம்பக் கல்வியை நகராட்சிகளும் உள்ளூர் போர்டுகளும் பார்த்துக்கொள்ளட்டும், உயர்நிலைக் கல்வியிலிருந்து அரசு மெல்ல விலகி மானியம் மட்டும் கொடுக்கட்டும், தனியார் நடத்தட்டும் என்றது. கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு போலத்தான் இருக்கும். நடைமுறையில், ஏழைப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு கதவு மூடியது. மாநகராட்சிப் பள்ளி என்றாலே ஆரம்பப் பள்ளி என்றுதான் பல காலம் அர்த்தம். அந்த ரிப்பன் பெயரிலேயே நம் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்தவர் என்ற நன்றிக்காக வைத்த பெயர் என்பதும் உண்மைதான்.

ஆகவே மாநகராட்சி உயர்நிலைப் பள்ளிகள் யாரோ ஒரு வள்ளல் அடிக்கல் நாட்டி ஒரே நாளில் வந்தவை அல்ல. ஆரம்பப் பள்ளிக்கு ஒரு வகுப்பு, அப்புறம் இன்னொரு வகுப்பு என்று கூரைக் கொட்டகையும் வாடகை வீடுமாகச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தவை. எங்கள் பள்ளி நடுநிலையாகி, ஐம்பதுகளின் கடைசியில் உயர்நிலையாகி, ஆறாவது பாரம் என்று பெரியவர்கள் சொல்லும் பதினோராம் வகுப்பு வரை வந்தது. 1978ல் பிளஸ் டூ முறை வந்தபோது நமக்கும் மேல்நிலை கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. இன்னும் உயர்நிலைதான்.

பெயரைப் பாருங்கள். மற்ற பள்ளிகளுக்குப் புனிதர் பெயர், வள்ளல் பெயர், கவர்னர் மனைவி பெயர். மாநகராட்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெருவின் பெயர்தான். மார்க்கெட் தெரு, எம்.எச். சாலை, சுப்பராயன் தெரு, புல்லா அவென்யூ. எனக்கு இது பிடிக்கும். இந்தப் பள்ளி யாருடையது என்று கேட்டால் இந்தத் தெருவுடையது என்று பதில். பிறகு பலகையிலிருந்து 'மாநகராட்சி'யை எடுத்துவிட்டு 'சென்னை உயர்நிலைப் பள்ளி' என்று மாற்றினார்கள். பெற்றோர் இன்றும் "கார்ப்பரேஷன் ஸ்கூல்" என்றுதான் சொல்கிறார்கள்.

2011ல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. விரிந்த பகுதிப் பள்ளிகள் சேர்வதற்கு முந்தைய கணக்கில், மாநகராட்சியிடம் 281 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 119 தொடக்கப் பள்ளி, 92 நடுநிலை, 38 உயர்நிலை, 32 மேல்நிலை. மேலே போகப் போகச் சுருங்கும் இந்தக் கணக்கு, அந்தப் பழைய ஐந்தாம் வகுப்புக் கதவின் மிச்சம் என்றே நான் நினைக்கிறேன். வேறு விளக்கம் இருந்தால் யாராவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஆறாம் எண் பதிவேடு. 1961 முதல் 1967 வரை. அப்பாக்களின் தொழில் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் பின்னி மில், அடுத்து ரயில்வே, அடுத்து 1955ல் பெரம்பூரில் வந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1964க்குப் பிறகு இன்னொரு வகைப் பெயர்கள் வரத் தொடங்குகின்றன. இதற்கு முன் படித்த பள்ளி என்ற கட்டத்தில் 'ரங்கூன்', 'ரங்கூன்', ஓரிடத்தில் 'மோல்மேன்'. பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த குடும்பங்கள். சான்றிதழ் எதுவும் கொண்டு வராத அந்தப் பிள்ளைகளை எந்த வகுப்பில் போடுவது? ஒரு தலைமை ஆசிரியர் பென்சிலால் ஓரத்தில் குறித்திருக்கிறார்: 'வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். நான்காம் வகுப்பு.' அவ்வளவுதான், சேர்த்துவிட்டார். பர்மா பஜார் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கடை போட்டவர்களின் பிள்ளைகள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்பது இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

இதே பதிவேட்டில் நானும் இருக்கிறேன். 1965 ஜூன், ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி 1.6.1960 என்று போட்டிருக்கிறது. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. ஐந்து வயது ஆகிவிட்டதென்று ஒரு ஜூன் தேதியை எழுதிவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்த நாள்தான். அந்தத் தேதியை வைத்தே வேலைக்குச் சேர்ந்தேன், 58 முடிந்தது என்று அந்தத் தேதியை வைத்தே வீட்டுக்கும் அனுப்பினார்கள். பொய்த் தேதிதான், ஆனாலும் எனக்கு இருக்கும் ஒரே தேதி அது.

எட்டாம் எண் பதிவேட்டை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை என்பதே சரி. 1972 முதல் 1976 வரை. என்னோடு ஐந்தாம் வகுப்பில் 31 பெண்கள் இருந்தோம். பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதியது ஆறு பேர். நடுவில் போனவர்களின் பெயருக்கு நேரே நீக்கல் காரணமாக 'தொடர்ந்து வரவில்லை' என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒருத்தி, எட்டில் மூன்று பேர், வயதுக்கு வந்ததும் நின்றார்கள். அன்று பள்ளியில் எங்களுக்கு இருந்த கழிப்பறைக்குக் கதவில்லை. புதுக் கட்டடத்தை நான் ஏன் எதிர்க்கவில்லை என்று இப்போது புரியும்.

கூழாகிப்போன எட்டிலும் நடைபாதையில் கிடக்கும் மூன்றிலும் என்ன இருந்தது என்று நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். 1983க்குப் பிந்தைய பக்கங்களில் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் இருந்தன. அவை இன்னும் நடைபாதையில் கிடக்கும் மூன்றில் இருக்கக்கூடும். 1996ல் பின்னி மில் மூடியபின் அப்பா தொழில் கட்டத்தில் 'மில்' போய் 'ஆட்டோ', 'வாட்ச்மேன்', 'கூலி' வந்ததையும், அந்த இரண்டு மூன்று வருடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கொத்தாக நின்றதையும் 12ஆம் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். 2000க்குப் பிறகு டி.சி. வாங்கிப்போன பிள்ளைகளின் புது முகவரி கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். நம் பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறீர்களே, இங்கிலீஷ் மீடியம் மோகம் என்று நீங்களே பதிலும் சொல்லிக்கொள்கிறீர்களே, பாதி பதில் அந்த முகவரிக் கட்டத்தில் இருக்கிறது. குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் பள்ளியும் காலியாகத்தான் செய்யும்.

முதல் பதிவேடு போய்விட்டது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. 1925ல் இந்தப் பள்ளியில் முதல் எண்ணில் சேர்ந்தது ஒரு பெண் குழந்தை. டி.சி. பெற்றுக்கொண்டதற்கான கட்டத்தில் கைநாட்டு இருந்தது, அம்மாவுடையதோ அப்பாவுடையதோ. 2016ல் வெயிலில் உலர்த்தும்போது நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பெயரை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நோட்டு இங்கேயேதானே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். "எல்லாம் எமிஸ்ல இருக்கு டீச்சர்" என்றார் ஒருவர். எமிஸ் என்ற, கல்வித் துறையின் கம்ப்யூட்டர் மாணவர் பதிவு வந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வெளியே போனவர்களை யாரும் உட்கார்ந்து அதில் ஏற்றவில்லை. "யார் இதைப் போய்ப் பார்க்கப்போகிறார்கள்" என்றார் இன்னொருவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ் நனைந்துபோனவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட்டது நினைவிருக்கிறதா? அந்த வாரங்களில் எங்கள் அலுவலக வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். ஐம்பது வயதுக்காரர்கள், அறுபது வயதுக்காரர்கள், எந்த வருடம் படித்தோம் என்பதே தெரியாமல், "பெரியசாமி வாத்தியார் கிளாஸ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். நாங்கள் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டித்தான் கண்டுபிடித்துக் கொடுத்தோம். இப்போதும் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்மைத்தன்மைச் சான்றுக்கும் வயதுச் சான்றுக்கும் வருகிறார்கள். இந்த மாதம் என்னைத் தேடி வீட்டுக்கே வந்த ஒரு அம்மாவுக்கு ஆதாரில் வயது குறைவாக விழுந்திருக்கிறது. அதனால் முதியோர் உதவித்தொகை கிடைக்கவில்லை. படித்தது நம் பள்ளியில், நான்காம் வகுப்பு வரை. அவர் சொன்ன வருடத்தை வைத்துப் பார்த்தால் அது ஐந்தாம் எண் பதிவேடு. அது இப்போது ஏதோ ஒரு செருப்பு டப்பாவின் அட்டை. அந்த அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

"இடமில்லை" என்பது மூன்றாவது பதில். பதினான்கு நோட்டு ஒரு பீரோவின் இரண்டு தட்டு. விழா மேடைக்குப் பின்னால் நிற்கப்போகும் பிளெக்ஸ் பேனருக்கு இதைவிட அதிக இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல், என்று சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஆரம்பக் கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதால் 1925 ஏப்ரலில் நின்றது. 2022ல் காலை உணவுத் திட்டம் வந்தபோது எல்லோரும் அந்த 1920 தீர்மானத்தைப் பேசினார்கள். நீங்களும் விழா மலருக்கு அதைப் பற்றி இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதாகக் கேள்வி. நல்லது. தேதி, தொகை, பள்ளியின் பெயர் எல்லாம் நூறு வருடம் கழித்தும் நமக்கு எப்படித் தெரிகிறது? அந்தத் தீர்மானப் புத்தகத்தை எந்தக் குழுவும் எடைக்குப் போடவில்லை. நம் பள்ளியில் அந்தச் சிற்றுண்டி கொடுத்தார்களா இல்லையா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். 1925 பதிவேட்டின் ஓரக் குறிப்புகளைப் பார்த்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான்.

நடைபாதையில் கிடக்கும் 12, 13, 14ஆம் எண் பதிவேடுகளை இந்த வாரமே எடுத்துப் பூட்டுள்ள பீரோவில் வையுங்கள். ஐப்பசி வருகிறது. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும், ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், எந்தெந்தப் பதிவேடுகளைக் கழிப்பதென்று தீர்மானம் போட்டீர்கள் என்பதன் நகலை எனக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோருக்கும் கொடுங்கள். போனவை எட்டு என்று அதில் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒருவர் வயதுச் சான்று கேட்டு வரும்போது 'பதிவேடு இல்லை' என்று அவரை அலைக்கழிக்காமல், பள்ளியின் தவறால் பதிவேடு அழிந்தது என்று ஒரு கடிதம் தருவதற்காவது அது உதவும்.

எஞ்சிய ஆறு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். செலவு அதிகமில்லை. என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார்கள், இலவசமாகவே செய்து தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு படி பள்ளியில், ஒரு படி கல்வித் துறையில், முடிந்தால் ஒரு படி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். 1909 முதல் அந்தக் கட்டடத்தில் அரசுக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. நம் தெருப் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு அலமாரி கேட்டால் தப்பில்லை.

இவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள், மலரிலும் அச்சிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் சாதி இருக்கிறது, ஓரங்களில் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் கோபத்தில் எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. கேட்டு வருகிறவருக்கு அவர் வரி மட்டும். ஆராய்ச்சி செய்கிறவருக்குப் பெயர் மறைத்த நகல்.

இந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டி.சி., ரிப்போர்ட் கார்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. விழாவுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளியைத் திறந்து வைத்து அவற்றை நகலெடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அழிந்த எட்டில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். 1925ல் சேர்ந்த அந்தப் பெண்ணின் பேரன் பேத்தி யாராவது இன்னும் இங்கே இருக்கலாம். மேஜை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொள்ள நான் வருகிறேன்.

என்னிடம் இருக்கும் மூன்று பதிவேடுகளும் பள்ளியின் சொத்து, என்னுடையவை அல்ல. இரும்புப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். பீரோ தயாரானதும் கொண்டு வந்து தருகிறேன். பதிவேட்டு எண், வருடம், பக்கங்களின் எண்ணிக்கை எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வைத்த ரசீது வேண்டும். 108 ரூபாய் வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு பக்க வரலாற்றை அந்த ரசீது கைக்கு வந்த மறுநாள் எழுதித் தருகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது, நான்கு பக்கம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
1965 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பழைய மாணவி, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை